பி.எட். சேரும் முன்: புனேயில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தேர்வு செய்வது எப்படி?

புனே: பள்ளி ஆசிரியராக விரும்பும் ஒருவர் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று யோசிப்பதற்கு முன், எந்த வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்த விரும்புகிறார் என்பதை முடிவு செய்ய வேண்டியுள்ளது. உச்ச நீதிமன்றம் 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய இரு தீர்ப்புகளுக்குப் பின்னர் இந்த முடிவு இன்னும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. படிப்பைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், இரண்டு ஆண்டுகளும் கட்டணமும் செலவான பிறகும் விரும்பிய பணிக்கு விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்காமல் போகலாம்.

மகாராஷ்டிர மாநிலப் பள்ளிக் கல்வியின் நிர்வாக மையமாகப் புனே விளங்குகிறது. மாநிலக் கல்வி ஆணையர் அலுவலகம், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில், ஆசிரியர் தகுதித் தேர்வை நடத்தும் மாநிலத் தேர்வுக் கவுன்சில், பாடநூல்களைத் தயாரிக்கும் பாலபாரதி ஆகியவை இந்நகரில் இயங்குகின்றன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும் இங்கு ஏராளமாக உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய விஷயங்களை இங்கு காணலாம்.

எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு?

என்சிடிஇ எனப்படும் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சக் கல்வித் தகுதியை வகுப்பு வாரியாக நிர்ணயித்துள்ளது. அதன்படி, 1 முதல் 5ஆம் வகுப்பு வரை கற்பிக்க, பிளஸ் 2 முடித்த பின் பயிலும் இரண்டாண்டு டி.எல்.எட். பட்டயம் பொதுவான தகுதியாகும். மகாராஷ்டிரத்தில் பெற்றோரும் மாணவர்களும் இதனை இன்றும் டி.எட். என்ற பழைய பெயரிலேயே குறிப்பிடுகின்றனர். தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியர் என்று அழைக்கப்படும் பணிக்கு உரிய பயிற்சி இதுவாகும்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்க, இளநிலைப் பட்டத்துடன் டி.எல்.எட். அல்லது பி.எட். முடித்திருக்க வேண்டும். 9, 10ஆம் வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் பி.எட். பட்டமும் தேவை. 11, 12ஆம் வகுப்புகளுக்கு உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும் தேவை.

இந்தப் பகுப்பில் நீண்ட காலம் குழப்பம் நிலவியது. பி.எட். முடித்தவர்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்கள் என்று 2018ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி என்சிடிஇ அறிவிக்கை வெளியிட்டது. பணியில் சேர்ந்த பின்னர் 6 மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. இந்த அறிவிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி தீர்ப்பளித்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான பயிற்சி டி.எல்.எட். படிப்பில்தான் அளிக்கப்படுகிறது என்பதும், தரமான தொடக்கக் கல்வி குழந்தைகளின் அடிப்படை உரிமை என்பதும் தீர்ப்பின் சாரமாகும். தீர்ப்புக்கு முன்னர் பணி நியமனம் பெற்றவர்களுக்கு 2024 ஏப்ரலில் நீதிமன்றம் பாதுகாப்பு அளித்தது. ஆனால் இனிமேல் பி.எட். சேரும் மாணவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

எனவே, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதே விருப்பம் எனில், பி.எட். கல்லூரிகளின் பட்டியலை ஆராய்வதால் பயனில்லை. டி.எல்.எட். பயிற்சி நிறுவனங்களையே நாட வேண்டும். மகாராஷ்டிரத்தில் இதற்கான சேர்க்கை, பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில் வாயிலாக இணையவழியில் நடைபெறுகிறது.

பட்டப்படிப்பில் பயின்ற பாடமும் முக்கியம்

உயர்நிலை வகுப்புகளைத் தேர்வு செய்வோர், தாங்கள் பட்டப்படிப்பில் பயின்ற பாடம் பள்ளியில் எந்த நிலையில் கற்பிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மகாராஷ்டிர மாநில வாரியத்தின் 10ஆம் வகுப்பு வரையிலான முதன்மைப் பாடங்களில் வணிகவியல் இல்லை. ஆகவே, பி.காம். முடித்து பி.எட். பெறும் ஒருவர் தமது பாடத்தையே கற்பிக்க விரும்பினால், பெரும்பாலும் 11, 12ஆம் வகுப்புகளையே எதிர்நோக்க வேண்டியிருக்கும். அதற்கு எம்.காம். பட்டமும் அவசியம். கணிதம், அறிவியல், மொழிப்பாடங்கள், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பாடங்களுக்கும் கற்பித்தல் முறை வகுப்புகள் நடத்தப்படுவதில்லை. தமது பாடத்துக்கான கற்பித்தல் முறை அந்தக் கல்லூரியில் உண்டா, அதற்கென நிரந்தரப் பேராசிரியர் இருக்கிறாரா என்பதைச் சேர்வதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும்.

கல்லூரிகள் மீது கேள்வி எழுந்தது ஏன்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் தரம் குறித்த விவாதத்தில் மகாராஷ்டிரத்துக்கு முக்கிய இடம் உண்டு. இம்மாநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட டி.எட். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கப்பட்ட விவகாரம் நீதிமன்றங்களுக்குச் சென்றது. அந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் 2011ஆம் ஆண்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. மகாராஷ்டிர வழக்கில் தொடங்கிய அந்த ஆய்வு, நாடு முழுவதும் உள்ள ஆசிரியர் கல்வி அமைப்பையே பரிசீலிப்பதாக விரிந்தது. ஆணையத்தின் அறிக்கை 2012ஆம் ஆண்டு வெளியானது.

தனித்து இயங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை உண்மையான பயிற்சியை அளிக்க முயல்வதுகூட இல்லை என்றும், அவை பட்டங்களை விலைக்கு விற்கின்றன என்றும் அந்த ஆணையம் கண்டறிந்ததாக 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. அரசின் கொள்கை ஆவணமே இவ்வளவு வெளிப்படையாகக் கூறும்போது, விளம்பரத்தையோ கட்டடத்தின் தோற்றத்தையோ நம்பிக் கல்லூரியில் சேர்வது பாதுகாப்பானதல்ல.

ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து என்சிடிஇ 2014ஆம் ஆண்டு புதிய விதிமுறைகளை வெளியிட்டது. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு இரண்டாண்டாக நீட்டிக்கப்பட்டது. கல்லூரிகளை மதிப்பிட மாணவர்கள் இன்று பயன்படுத்தக்கூடிய அளவுகோல்கள் அந்த விதிமுறைகளிலேயே உள்ளன.

விதிமுறை சொல்லும் எண்கள்

அந்த விதிமுறைகளின்படி, இரண்டாண்டு பி.எட். படிப்பில் சேர்க்கை மற்றும் தேர்வு நாட்கள் நீங்கலாக ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் இருக்க வேண்டும். வாரத்துக்கு 36 மணி நேரம் கல்லூரி இயங்க வேண்டும். மாணவர்கள் வகுப்புகளில் 80 சதவீதமும், பள்ளிகளில் மேற்கொள்ளும் கற்பித்தல் பயிற்சியில் 90 சதவீதமும் வருகைப் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. முதல் ஆண்டில் 4 வாரங்கள், இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் மாணவர்கள் பள்ளிகளில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு நூறு பேர் வீதம் இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இருநூறு மாணவர்கள் பயிலும் கல்லூரியில் முதல்வர் உள்பட 16 முழுநேர ஆசிரியர்கள் பணியாற்ற வேண்டும். அவர்களுள் 8 பேர் பாடவாரியான கற்பித்தல் முறைக்கு உரியவர்கள். உடற்கல்வி, நுண்கலை, நிகழ்த்துகலை ஆகியவற்றுக்குத் தலா ஒருவர் தேவை.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்? பயிற்சி மாணவர் பள்ளியில் பாடம் நடத்தும்போது, கல்லூரிப் பேராசிரியர் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து கவனிக்க வேண்டும். பாடக்குறிப்பைச் சரிபார்த்து, எந்த இடத்தில் குழந்தைகளுக்குப் புரியாமல் போனது, எந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கலாம் என்பதை எழுதித் தர வேண்டும். இருநூறு மாணவர்களுக்கு 16 ஆசிரியர்கள் இருந்தால் ஒருவர் பொறுப்பில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மாணவர்கள் வருவர். நான்கைந்து ஆசிரியர்களே உள்ள கல்லூரியில் ஒருவர் நாற்பது பேரையாவது கவனிக்க வேண்டும். அந்த நிலையில், மாணவர் நடத்திய பாடத்தை எவரும் பார்க்காமலேயே மதிப்பெண் வழங்கப்படும் ஆபத்து உண்டு.

கல்லூரிக்கு வரத் தேவையில்லை, தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று எந்த நிறுவனமாவது உறுதி அளித்தால், அது மாணவருக்குக் காட்டப்படும் சலுகை அல்ல; விதிமீறல். அவ்வாறு பட்டம் பெறுபவர், முதன்முறையாகத் தனியே வகுப்பறைக்குள் நுழையும்போது கற்பிக்கும் அனுபவமே இல்லாதவராக இருப்பார். அதன் பாதிப்பு அவரிடம் பயிலும் குழந்தைகளையே சேரும்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் என்ற கருத்து புனேவுக்குப் புதிதல்ல. ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் 1848ஆம் ஆண்டு பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்கான பள்ளியை இந்நகரில்தான் தொடங்கினர். அகமதுநகரில் சிந்தியா ஃபாரர் நடத்திய நிறுவனத்திலும், புனேயில் இயங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் சாவித்ரிபாய் பயிற்சி பெற்றதாக அவரது வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1949ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புனே பல்கலைக்கழகம், 2014 முதல் அவரது பெயரால் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படுகிறது. புனே மாவட்டத்தின் பி.எட். கல்லூரிகள் பலவும் இப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை.

புனேயில் உள்ள வாய்ப்புகள்

இந்நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பல வகைப்பட்டவை. சிக்ஷண பிரசாரக மண்டளி நடத்தும் திலக் கல்வியியல் கல்லூரி 1941ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மகரிஷி கார்வே 1916ஆம் ஆண்டு புனேயில் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகமே இன்று மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகமாகும், அதன் கார்வே சாலை வளாகத்தில் பெண்களுக்கான கல்வியியல் கல்லூரி உள்ளது. கேம்ப் பகுதியின் ஆசம் வளாகத்திலும் கல்வியியல் கல்லூரி இயங்குகிறது. இவை தவிர, அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள் நகரிலும் புறநகரிலும் உள்ளன. இங்கு பெயர் குறிப்பிடப்பட்டவை கல்லூரிகளின் வகைகளைக் காட்டும் எடுத்துக்காட்டுகளே, தரவரிசை அல்ல.

பி.எட். சேர, மகாராஷ்டிர மாநிலப் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு நடத்தும் சிஇடி தேர்வை எழுத வேண்டும். 100 கொள்குறி வினாக்கள் கொண்ட இத்தேர்வில் மனத்திறன், பொது அறிவு, கற்பித்தல் நாட்டம் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. ஆங்கிலவழியில் பயில விரும்புவோருக்கு ஆங்கில மொழித்திறன் தேர்வு தனியே உண்டு. அதன் பின்னர் ஒருங்கிணைந்த கலந்தாய்வின் மூலம் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கை பட்டப்படிப்பு மதிப்பெண் அடிப்படையில் நடைபெறுவதால், அங்கிருந்து வரும் மாணவர்கள் நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்ப அறிவிப்பைத் தவறவிட்டுவிடும் வாய்ப்பு அதிகம். வெளிமாநில மாணவர்களுக்கு மகாராஷ்டிர இடஒதுக்கீட்டுச் சலுகைகள் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அரசு உதவி பெறாத தனியார் தொழிற்கல்லூரிகளின் கட்டணத்தை, 2015ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி அமைக்கப்பட்ட கட்டண ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. கல்லூரி கேட்கும் தொகையை ஆணையம் அனுமதித்த தொகையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரசீது இல்லாமல் கேட்கப்படும் எந்தத் தொகையையும் செலுத்தக் கூடாது.

மொழி எங்கே தடையாகும்?

புனேயில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் கூடுதலாக ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஜில்லா பரிஷத் பள்ளிகளில் பெரும்பாலானவை மராத்திவழிப் பள்ளிகள். 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி மாநிலத்தின் அனைத்துப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடமாகும். அரசுப் பள்ளிப் பணியை இலக்காகக் கொண்டவர்களுக்கு மராத்தியில் பேசவும் எழுதவும் கற்பிக்கவும் தெரிந்திருப்பது அவசியம். மராத்திவழிப் பள்ளியில் பணியாற்ற விரும்பும் ஒருவர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் மட்டுமே கற்பித்தல் பயிற்சி பெற்றால், அந்தப் பயிற்சியின் பயன் பாதியாகிவிடும்.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. எனினும் அத்தகைய இடங்கள் குறைவு. தமிழ்நாட்டுக்குத் திரும்பி அரசுப் பள்ளியில் பணியாற்ற எண்ணுபவர்கள், அங்கு தமிழ்மொழித் தகுதி கோரப்படும் என்பதை நினைவில் கொண்டு திட்டமிட வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது

பி.எட். அல்லது டி.எல்.எட். முடித்தவுடன் பணி கிடைத்துவிடுவதில்லை. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்க, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். 150 மதிப்பெண் கொண்ட இத்தேர்வில் பொதுப்பிரிவினர் 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் பெற வேண்டும். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஒரு தாள், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை மற்றொரு தாள். தேர்ச்சிச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த மேல்முறையீடுகளில் உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி அளித்த தீர்ப்பு, இத்தேர்வின் முக்கியத்துவத்தை மேலும் உயர்த்தியது. ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ள, ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கே இந்த நிலை எனில், புதிதாக வருபவர்கள் இத்தேர்வைத் தவிர்க்க வழியில்லை.

மகாராஷ்டிர அரசுப் பள்ளிகளில் சேர இன்னொரு படியும் உண்டு. டெயிட் எனப்படும் ஆசிரியர் நாட்டம் மற்றும் நுண்ணறிவுத் தேர்வில் பெறும் மதிப்பெண் அடிப்படையில் 'பவித்ரா' இணையதளம் வழியாகப் பணி நியமனம் நடைபெறுகிறது. இத்தேர்வு 2017ஆம் ஆண்டு முதன்முறையாக நடத்தப்பட்டது. அடுத்த தேர்வு 2023ஆம் ஆண்டிலும், அதற்கடுத்தது 2025ஆம் ஆண்டிலும் நடைபெற்றன. இடைவெளி சீராக இல்லை என்பதை இந்த ஆண்டுகளே காட்டுகின்றன. நியமனங்கள் தாமதமான காலத்தில் டி.எட். படிப்பின் மீதான ஆர்வம் குறைந்து, மாநிலத்தில் பல பயிற்சிக் கல்லூரிகள் மூடப்பட்டன. ஆகவே, கடன் வாங்கி அதிகக் கட்டணம் செலுத்திப் படிக்க எண்ணுபவர்கள், சில ஆண்டுகள் தனியார் பள்ளி ஊதியத்தில் அந்தக் கடனை அடைக்க முடியுமா என்பதையும் கணக்கிட வேண்டும்.

காத்திருப்பின் பதற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ள இடைத்தரகர்கள் முளைப்பதும் உண்டு. டெட் தேர்வு முறைகேடு தொடர்பாக 2021 டிசம்பரில் மாநிலத் தேர்வுக் கவுன்சிலின் அப்போதைய தலைவரைப் புனே போலீசார் கைது செய்தனர். பின்னர் ஆயிரக்கணக்கான தேர்வர்கள் மீது கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. பணம் கொடுத்துத் தேர்ச்சி பெறலாம் என்று கூறுபவர்களை நம்பினால், பணத்துடன் எதிர்காலத் தகுதியும் பறிபோகும் என்பதற்கு இது சான்று.

மாறிவரும் படிப்புகள்

பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்களுக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு என்ற வாய்ப்பும் உள்ளது. பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் இணைந்த இப்படிப்பு 2023-24ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதும் 57 நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வின் மூலம் சேர்க்கை நடைபெறுகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் இதுவே ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்பது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. தனித்து இயங்கும் பயிற்சிக் கல்லூரிகள் பல்துறைக் கல்லூரிகளாக மாற வேண்டும் என்றும் கொள்கை கூறுகிறது. நான்காண்டு இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். வழங்கவும் 2025 பிப்ரவரியில் வெளியான என்சிடிஇ வரைவு விதிமுறைகள் முன்மொழிந்தன.

சேரும் முன் சரிபார்க்க வேண்டியவை

* கல்லூரியின் பெயர், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, அங்கீகார ஆணை ஆகியவை என்சிடிஇ இணையதளத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை தாக்கல் செய்யாத ஏராளமான நிறுவனங்களின் அங்கீகாரம் 2025ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. எனவே பழைய பட்டியலை நம்பக் கூடாது.

* மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பு பி.எட். படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் தேவை. பொது பி.எட். படிப்பும் இதுவும் வேறு வேறு.

* தொலைநிலை பி.எட். அனைவருக்கும் உரியதல்ல. பணியில் உள்ள பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அல்லது ஏற்கெனவே நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்காக வகுக்கப்பட்டது. தகுதி நிபந்தனையைப் படிக்காமல் பணம் செலுத்தக் கூடாது.

* ஆசிரியர்களின் பெயர், தகுதி, கட்டண விவரம் ஆகியவற்றைக் கல்லூரி தனது இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. பட்டியலில் உள்ளவர்கள் உண்மையில் பணியாற்றுகிறார்களா என்பதை வேலை நாள் ஒன்றில் நேரில் சென்று அறியலாம்.

* கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுடன் கல்லூரிக்கு ஏற்பாடு உள்ளது, அவை எந்த மொழிவழிப் பள்ளிகள், வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்று கேட்க வேண்டும். 90 சதவீத வருகை கட்டாயம் என்பதால் தொலைவும் முக்கியம்.

* கடந்த ஆண்டு படித்து முடித்தவர்கள் இருவரிடமாவது பேச வேண்டும். பள்ளியில் எத்தனை பாடங்கள் நடத்தினார்கள், அவற்றில் எத்தனையைப் பேராசிரியர் நேரில் கவனித்தார், என்ன திருத்தம் கூறினார் என்ற மூன்று கேள்விகள் போதும்.

கடைசியாகக் கூறப்பட்ட கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கும் கல்லூரி, பெயர் பெற்றதாக இல்லாவிட்டாலும் பரிசீலிக்கத் தக்கது. பதில் கிடைக்காத கல்லூரியில் கட்டணம் குறைவாக இருந்தாலும், இரண்டு ஆண்டுகளைச் செலவிடும் முன் மீண்டும் யோசிப்பது நல்லது. நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு ஆகியவற்றின் தேதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், பொது நுழைவுத் தேர்வுப் பிரிவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே அவற்றைச் சரிபார்க்க வேண்டும்.